சுகுணா கைவிடப்பட்டவர்

காதுல விழுந்துச்சுங்களா சார்? முன்சீட்டுப் பொண்ணு போன்ல சொல்லுச்சே, "வீடு என் பேர்லதான்க்கா இருக்கு, அவரு என்ன பேசிட முடியும்?"னு. நான் ஒட்டுக்கேட்கலை. பஸ்ஸுக்கே கேட்குற மாதிரிதான் சொல்லுச்சு. சொல்லிட்டு ஒரு சிரிப்பு வேற. எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துருச்சு. பயப்படாதீங்க, வாந்தியெல்லாம் எடுக்க மாட்டேன். இது வேற குமட்டல். ஆறு மாசமா இருக்கு.

நீங்க சன்னல் பக்கமே உட்காருங்க. அரவக்குறிச்சி போக இன்னும் நேரம் இருக்கு, சொல்றேன்.

நான் வண்டி புரோக்கருங்க. பழைய டூவீலர், ஆட்டோ, எப்பவாச்சும் ஒரு குட்டியானை லோடு வண்டி. ஆர்.டி.ஓ. ஆபீஸ், தாலுகா ஆபீஸ், பத்திர ஆபீஸ் எங்க வேணும்னாலும் போய் சதாசிவம்னு சொல்லிப் பாருங்க. எந்த பாரத்துல எந்தக் கட்டத்தை நிரப்பணும், எதைக் காலியா விடணும், எல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தப் புத்திதான் என்னை இங்க கொண்டு வந்து உட்கார வெச்சிருக்கு.

சம்சாரம் பேரு சுகுணா. கரூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில செக்கிங். பெட்ஷீட், கைத்துண்டு எல்லாம் வெளிநாடு போறதுக்கு முன்னாடி ஓட்டை இருக்கா, கறை இருக்கான்னு பார்த்துப் பிரிச்சுப் போடுற வேலை. பதினாறு வருசம். நாள் முழுக்கக் குத்தம் கண்டுபிடிக்கிற வேலை பார்க்குறவ வீட்டுக்கு வந்தா எப்படி இருப்பா, நீங்களே சொல்லுங்க. ஒரே பொண்ணு, அகல்யா. காலேஜ் ரெண்டாம் வருசம். பேசவே பேசாது. மூலையில உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்கும்.

வாடகை வீட்டுலதான் இருந்தோம். முதல் தடவையா வீடு வாங்குறவங்களுக்கு அரசாங்கம் மானியம் தருதுன்னு கேள்விப்பட்டு வந்து சொன்னதே நான்தான். அவளுக்கு என்ன தெரியும்? எங்க தெருவுலயே ஒரு பழைய வீடு விலைக்கு வந்துச்சு. கிணறு, முருங்கை மரம் எல்லாம் இருந்துச்சு, அவளுக்கு அதுமேலதான் ஆசை. பழசுக்கு மானியம் கிடையாதுன்னுட்டாங்க. புதுசாக் கட்டின வீடா இருக்கணுமாம். சரின்னு பைபாஸ் பக்கம் புது அபார்ட்மென்ட்ல ரெண்டாவது மாடி பார்த்தோம். முன்பணத்துக்கு அவளோட பி.எஃப்.பும் நகையும் போச்சு. போகட்டும், பணம் யாரு வேணா போடலாம். அலையறது யாரு? நான் அலைஞ்ச அலைச்சலை இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர் வாயைத் திறந்து சொன்னதில்லை சார்.

சிக்கல் எங்க வந்துச்சுன்னா, வீடு பொம்பளை பேர்ல இருக்கணும்னாங்க. அதுகூடப் பரவால்ல, பேருதானே. ஆனா குடும்பத்துல யார் பேர்லயும் வேற வீடு இருக்கக்கூடாது, புருசன் பேர்லகூட. எனக்கு அரவக்குறிச்சி பக்கத்துல பாகம் பிரிச்சப்ப வந்த காங்கிரீட் வீடு ஒன்னு இருக்கு. ஒரு ரூம்தான். ஆனா பட்டா என் பேரு. அந்த ஒரு ரூமுக்காக மானியம் போச்சுன்னாங்க.

"போனாப் போகட்டுங்க, லோனைக் கொஞ்சம் கூடப் போட்டுக்கலாம்"னா சுகுணா.

விடுவேனா நான்? ரெண்டு நாள் யோசிச்சேன். புருசன் இருந்தாத்தானே புருசன் பேர்ல வீடு? செத்தவன் சேர்த்தி இல்லை, அதுக்காக நான் சாக முடியுமா? விவாகரத்துன்னா கோர்ட்டு, வக்கீலு, வருசக்கணக்காகும், ஊரு சிரிக்கும். இன்னொன்னு இருக்கு சார், பல பேருக்குத் தெரியாது. கணவனால் கைவிடப்பட்டவர்னு தாலுகா ஆபீஸ்ல ஒரு சான்றிதழ் தருவாங்க. வி.ஏ.ஓ. வந்து தெருவுல விசாரிப்பாங்க, ஆமா, அவன் விட்டுட்டுப் போயிட்டான்னு நாலு பேர் சொன்னாப் போதும். அவ தனிக்குடும்பம் ஆயிடுவா. மானியம் வந்ததும் நான் பாட்டுக்குத் திரும்பி வந்துடப் போறேன். யாருக்கு நட்டம்?

இதைச் சொன்னப்ப அவ மூஞ்சியைப் பார்த்திருக்கணும் நீங்க. "நீங்க விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு நான் ஊரைக் கூட்டிச் சொல்லணுமா?"னா.

"சும்மா சொல்றதுதானே."

"சும்மாவா?"

"நடிக்கிறதுதாண்டி."

சோத்துப் பானையை இறக்கி வெச்சா. அப்புறம், "சரிங்க"ன்னா. அவ்வளவுதான். அந்த "சரிங்க"ல என்ன இருந்துச்சுன்னு நான் கவனிக்கலை.

மனு எழுதணும்ல? அகல்யா கையெழுத்து முத்து முத்தா இருக்கும். நான் சொல்லச் சொல்ல எழுது கண்ணுன்னேன். நாலு வரி சொல்லிட்டு ஒரு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தா ரெண்டு பக்கம் எழுதி வெச்சிருக்கு. படிக்கச் சொன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டே படிச்சுது. "என் கணவர் எங்களை விட்டுப் போன நாள் எது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவர் ஒரே நாளில் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனார்."

அசந்துட்டேன் சார். படிப்புன்னா சும்மாவா? ஆனா ஆபீஸ்காரனுக்கு இதெல்லாம் ஆகாது, தேதி வேணும். "தேதி ஒன்னு போடு கண்ணு"ன்னேன். அடுப்படியில இருந்து சுகுணா சொன்னா, "ஆடிப் பதினெட்டு. இவ எட்டாவது படிச்ச வருசம்." டக்குனு சொன்னா, யோசிக்கவே இல்லை. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்லை. ஆனா தேதி நல்லா இருந்துச்சு, அஞ்சு வருசத்துக்கு மேல ஆயிருந்துச்சு. போடுன்னுட்டேன்.

ரேசன் கார்டுல என் பேரை நானே நீக்கினேன். க்யூவுல நின்னு, என் பேரை எடுங்கன்னு என் கையாலயே எழுதிக் குடுத்தேன். எதுக்காக? குடும்பத்துக்காக.

அடுத்து சாட்சி. எதிர்வீட்டுல மாவு அரைச்சு விக்கிற ரங்கநாயகி, தெருமுனையில தையல்கடை வெச்சிருக்கிற காதர் பாய், ரெண்டு பேரையும் பிடிச்சேன். ஆளுக்கு அரைக்கிலோ மிக்சரும் ஒரு டப்பா லட்டும் வாங்கிக் குடுத்தேன். "அஞ்சு வருசமாச்சுங்க அவரு போயி, இவதான் சம்பாதிச்சுப் பொண்ணைப் படிக்க வைக்கிறா. இவ்வளவுதான் சொல்லணும், ஒரு வார்த்தை கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்"னு பாடம் பண்ணி வெச்சேன். ரங்கநாயகி லட்டு டப்பாவை வாங்கிக்கிட்டு, "கூடச் சொன்னா என்னண்ணா ஆகும்?"னு கேட்டா. அப்பவே முழிச்சிருக்கணும் நான்.

விசாரணை அன்னைக்கு நான் ஊர்ல இருக்கக்கூடாது. நியாயமாப் பார்த்தா இந்த பஸ்ஸைப் பிடிச்சு வந்திருக்கணும். ஆனா எவ என்ன உளறி வைப்பாளோன்னு பயம். பக்கத்துல இருந்து பார்த்துக்கணும்ல? விசாரணைக்கு எல்லாரையும் காதர் பாய் கடைக்குத்தான் வரச் சொல்லியிருந்துச்சு, அங்க அளவு பார்க்க ஒரு திரை போட்டு மறைச்சிருப்பாரு. அதுக்குள்ள போய் நின்னுக்கிட்டேன். அங்க நான் நிக்கிறது அவங்க எல்லாருக்கும் தெரியும். வி.ஏ.ஓ. அம்மாவுக்கு மட்டும்தான் தெரியாது.

சின்ன வயசு அம்மா. வந்தாங்க, கடை ஸ்டூல்ல ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்தாங்க, நோட்டை விரிச்சாங்க. எனக்குத் திரைக்குக் கீழ அவங்க செருப்பு தெரியுது. அப்ப என் செருப்பும் தெரியும்ல? சத்தமில்லாம ஒரு துணி மூட்டை மேல ஏறிக் குத்த வெச்சு உட்கார்ந்துட்டேன். வெயிலு. வேர்த்து ஊத்துது.

முதல்ல ரங்கநாயகி. "இவங்க வீட்டுக்காரர் எத்தனை வருசமா இல்லை?"ன்னு அந்தம்மா கேட்டாங்க.

"இருந்தாத்தானுங்களே இல்லாமப் போறதுக்கு!"

நான் சொல்லிக் குடுத்தது இதுவா சார்?

அந்தம்மா சிரிச்சிட்டாங்க. இவளுக்கு ஏறிக்கிச்சு. "ஒரு ஆடி மாசம் இந்தப் புள்ளைக்கு மஞ்சக்காமாலை வந்து கண்ணே திறக்காமக் கெடந்துச்சுங்க. ஆட்டோவைக் கூப்பிட்டது நானு. குளுக்கோஸ் பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நானு. அந்தாளு குத்தாலத்துல எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுக்கிட்டு இருந்தாருங்க. போட்டோ அனுப்பிச்சாரு, அருவியில நிக்கிற மாதிரி." உண்மையில நான் குத்தாலம் போனது தொழில் விசயமா. தென்காசியில ஒரு வண்டி பார்க்கப் போனோம், நாலு பேரு, அப்படியே அருவி. அதை எப்படிக் கோத்துட்டா பாருங்க! நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். வெளிய வந்து, அப்படி இல்லைம்மான்னு சொல்ல முடியுமா?

அடுத்து காதர் பாய். அவரு யோக்கியமான ஆளு, அளந்து பேசுவாரு. "வருசம் அஞ்சாச்சும்மா"ன்னாரு. சரியாச் சொன்னாரு. அந்தம்மா விட்டிருக்கலாம். "இருந்த காலத்துல அடிப்பாரா?"ன்னு கேட்டாங்க.

பாய் கத்திரியைக் கீழ வைக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் மெதுவாச் சொன்னாரு. "இந்தம்மா வருசா வருசம் சித்திரை மாசத்துலயும் மணிக்கட்டு வரைக்கும் கை வெச்சு ஜாக்கெட் தைக்கச் சொல்லும். வேற யாரும் அப்படிக் கேட்குறதில்லைம்மா."

அந்தம்மா பேனா ஓடுறது எனக்குக் கேட்குது. என்ன கற்பனை பாருங்க! முழுக்கை அப்ப ஃபேசனு. ஏன், டீச்சரம்மாங்க போடலையா? நான் கை ஓங்கியிருப்பேன், இல்லைன்னு சொல்லலை. ரெண்டு தரம், மூனு தரம். எந்த வீட்டுல இல்லை? உங்க வீட்டுல இல்லையா? சரி, விடுங்க, ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்து, மூக்கை அழுத்திப் பிடிச்சதுல மூட்டை நகர்ந்துருச்சு. "அங்க என்ன சத்தம்?"ன்னாங்க அந்தம்மா.

"ஒன்னுமில்லைம்மா"ன்னாரு பாய். "பழைய மூட்டை. ஆருக்கும் ஆகாதது. இடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடக்குது."

ரங்கநாயகி களுக்குனு சிரிச்சா. வெளிய நின்ன பொம்பளைங்களும் சிரிச்சாங்க. தெருவே அங்கதான் நின்னுச்சு போல. நான் மிக்சர் வாங்கிக் குடுக்காத ஆளுங்ககூட ஒவ்வொருத்தரா வந்து சொல்லிட்டுப் போறாங்க சார்! வாடகையை மூனு மாசம் சீட்டாட்டத்துல விட்டதை ஒருத்தி சொல்றா. சுகுணா போனஸ் கவரை நான் கம்பெனி வாசல்லயே வாங்கிட்டுப் போனதை இன்னொருத்தி சொல்றா. என் காசுல லட்டு தின்ன வாயிங்க. மனுச ஜென்மங்களா இதுங்க? சீ!

கடைசியா சுகுணாவைக் கேட்டாங்க. "அவர் திரும்பி வந்தாச் சேர்த்துக்குவீங்களாம்மா?"

"வர மாட்டாருங்க"ன்னா. அது நான் சொல்லிக் குடுத்ததுதான். அதோட நிறுத்தணும். நிறுத்தலை. "வந்தா எங்களுக்குப் பயமா இருக்குங்க"ன்னா. அதைத் திரையைப் பார்த்துச் சொன்னாளோன்னு எனக்கு ஒரு சந்தேகம். குரல் நேரா என் மேல வந்து விழுந்துச்சு.

அந்தம்மா போனதும் திரையை விலக்கிட்டு வெளிய வந்தேன். நான் பெருந்தன்மையான ஆளு சார். கையைத் தட்டி, "பிரமாதம்! எல்லாருக்கும் நாடகத்துல சான்ஸ் வாங்கித் தர்றேன்"னேன். ஒருத்தரும் சிரிக்கலை. அவங்கவங்க பாட்டுக்குக் கலைஞ்சு போறாங்க. பாய்கிட்ட, "அந்த முழுக்கை விசயம் உங்களுக்கு எப்படிப் பாய் தோணுச்சு?"ன்னு கேட்டேன். அவரு என்னைப் பார்க்காம மெஷின்ல நூல் கோத்துக்கிட்டே, "அளவு நோட்டுல இருக்கு சதாசிவம்"னாரு.

சான்றிதழ் இருபது நாள்ல வந்துருச்சு. தாலுகா ஆபீஸ்ல நம்ம பசங்க என்னைக் கூப்பிட்டு, "இவ்வளவு பக்காவா ஒரு விசாரணை ரிப்போர்ட் நாங்க பார்த்ததில்லைண்ணே"ன்னாங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு. நெசமா.

அப்புறம் நான் அரவக்குறிச்சி வந்துட்டேன். அந்த ஒரு ரூம்ல. மானியம் வர்ற வரைக்கும்தானே, ஒரு மாசம், ரெண்டு மாசம். வாரத்துக்கு ஒரு தரம் போன் பண்ணுவேன். "லோன் இன்னும் வரலைங்க, இப்ப வந்துறாதீங்க"ன்னா. சரி. "லோன் வந்துருச்சு, மானியம் வரலைங்க"ன்னா. சரி. "மானியம் போட்டுட்டாங்க, ஆனா வீட்டு முன்னாடி நிக்க வெச்சு போட்டோ எடுக்க வருவாங்களாம்"னா. நானும், பரவால்லயே, எவ்வளவு சூதானமா இருக்கா, எல்லாம் நம்ம பழக்கம்னு நெனைச்சுக்கிட்டேன். ஓட்டல் சாப்பாடு. வயிறு கெட்டுப் போச்சு. துணி துவைக்க ஆள் இல்லை. கைவிடப்பட்டவன் யாருன்னு கேட்டா என்னைத்தான் சொல்லணும்.

ஆவணி மாசம் ஒரு நாள் காலையில போனைத் திறந்தேன். ரங்கநாயகி ஸ்டேட்டஸ் போட்டிருக்கா. புது வீட்டுல பால் பொங்குது. சுகுணா பட்டுச்சேலையில நிக்கிறா. பக்கத்துல, நான் நிக்க வேண்டிய இடத்துல, அகல்யா நிக்குது. பின்னாடி காதர் பாய் கையில ஒரு சுவர்க்கடிகாரம் வெச்சுக்கிட்டு சிரிக்கிறாரு. அந்தத் தெருவே அங்க இருக்குது சார். என் வீட்டுப் பாலு! எனக்கு ஒரு சொட்டு இல்லை.

போனைப் போட்டேன். கன்னாபின்னான்னு கத்தினேன். நான் முடிக்கிற வரைக்கும் கேட்டா. அப்புறம், "நீங்க வந்து குடியிருந்தா அந்தச் சான்றிதழ் பொய்யின்னு ஆயிடுங்க. மானியத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லுவாங்க"ன்னா.

"எவன் கேட்பான்? நான் பார்த்துக்கறேன்."

"பொய்யி இல்லைங்களே"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டா.

எழுதிப் போட்டுக் குடுத்துடலாம்னு தாலுகா ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன். நம்ம கூட்டாளி ஒருத்தன் தடுத்தான். "ஏண்ணே, பொய்ச் சாட்சிக்கு ஆள் பிடிச்சது யாரு? முதல் பேரு உங்க பேருதான் வரும்"னான். அவன் சொல்றதும் சரிதான். என்ன நாத்தம் பிடிச்ச சட்டம் பாருங்க. உழைச்சவன் உள்ள போகணும், நோகாம வாங்கினவ நடுவீட்டுல உட்காரணும். குடும்பத்தைப் பிரிக்கிறதுக்குன்னே மானியம் தர்றானுங்க. தூ! மன்னிச்சுக்கங்க, உங்க மேல படலையே?

நேத்து ஞாயித்துக்கிழமை. எவ்வளவு நாளைக்குத்தான் பொறுக்குறது? என் வீடு, என் சம்சாரம், என் பொண்ணு. துணிமணியை ரெண்டு பையில அடைச்சுக்கிட்டு நேராப் போயிட்டேன். கேட்டுல ஒரு வாட்ச்மேன், வயசான ஆளு. "ஆரைப் பார்க்கணுங்க?"ன்னான்.

"ஆரையும் பார்க்கலை. என் வீட்டுக்குப் போறேன்."

"எந்த நெம்பருங்க?"

சொன்னேன்.

"அது சுகுணாம்மா வீடுங்களே. அவங்க ரெண்டே பேருதானுங்க."

"நான் அவ புருசன்யா!"

என்னையும் பார்த்தான், ரெண்டு பையையும் பார்த்தான். மேல போன் பண்ணினான். அவனுக்கும் தெரிஞ்சிருக்கு சார், அந்த வாட்ச்மேனுக்குக்கூட!

அவளே இறங்கி வந்தா. நான் நெனைச்சேன், அழுவா, இல்லைன்னா கத்துவான்னு. ரெண்டும் இல்லை. கம்பெனியில ஒரு பெட்ஷீட்டை விரிச்சு வெளிச்சத்துல பார்க்குற மாதிரி மேலயும் கீழயும் பார்த்தா. "மெலிஞ்சுட்டீங்க"ன்னா. அந்த ஒரு வார்த்தையில எனக்குப் பாதிக் கோவம் போயிருச்சு. என்ன இருந்தாலும் பொண்டாட்டிதானே!

"பையை இங்க வெச்சுட்டு வாங்க. காபி போடறேன். அகல்யாவும் இருக்கா, பார்த்துட்டுப் போலாம்"னா. 'பார்த்துட்டுப் போலாம்'கிறது அப்ப என் காதுல சரியா விழலை. நான் வாட்ச்மேனைப் பார்த்து மீசையைத் தடவினேன். பார்த்தியாடா?

அவன் அசையலை. நீளமான ஒரு நோட்டை என் முன்னாடி தள்ளினான். வெளியாளுங்க வந்தா எழுதுற நோட்டு. வேணாம்னு தள்ளினேன். "எழுதிடுங்க"ன்னா சுகுணா. சரி, ஒரு கையெழுத்துதானேன்னு எழுதினேன். பேரு, சதாசிவம். எந்த வீடு, எழுதினேன். வந்த நேரம், நாலரை. அவளைப் பார்த்து, "போதுமா?"ன்னேன்.

சுகுணா என் கையில இருந்து பேனாவை வாங்கினா. நோட்டைத் தன் பக்கம் திருப்பினா. என் பேருக்கு நேரா, 'வெளியே போன நேரம்'னு கடைசியா இருந்த கட்டத்துல, நாலே முக்கால்னு எழுதிட்டு, பேனாவை வாட்ச்மேன்கிட்டக் குடுத்தா.